மஸில் கார் வாங்கும் முன்: எந்தத் தலைமுறை, எந்த எஞ்சின், எதைக் காதால் கேட்க வேண்டும்

டாலஸ் பக்கம் குடியேறி நான்கு வருடம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில் பழைய வி8 (எட்டு சிலிண்டர்) வண்டி ஒன்றைப் பார்க்கப் போனேன். விற்பவர் வாசலிலேயே நின்றிருந்தார். எஞ்சின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. "நீங்கள் வருவீர்கள் என்று சூடாக்கி வைத்தேன்" என்றார். விருந்தாளிக்குக் காபி போட்டு வைத்த மாதிரி எனக்கு அது மரியாதையாகப் பட்டது. ஓட்டிப் பார்த்தேன், சத்தம் பிடித்தது, வாங்கிவிட்டேன். திங்கட்கிழமை காலை கராஜில் முதல் முறையாகக் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியபோது டக் டக் டக் என்று ஒரு தாளம் கேட்டது. வால்வைத் தள்ளும் லிஃப்டர் போய், அதை இயக்கும் கேம்ஷாஃப்டையும் தின்றிருந்தது. சரிசெய்ய 4,000 டாலருக்கு மேல் ஆனது.

எந்த வண்டி என்பதை விடுங்கள். வண்டி மேல் தப்பில்லை. கேட்டுப் பார்க்க வேண்டியதைக் கேட்காமல் வாங்கியது நான். அதன் பிறகு பதினோரு மாதம் தேடி, படித்து, ஏழெட்டு வண்டிகளை ஓட்டிப் பார்த்து இரண்டாவதை வாங்கினேன். நம் ஆட்களில் பலர் இங்கே வந்து ஓரளவு நிலைத்ததும் முதலில் ஆசைப்படுவது மஸில் கார் எனப்படும் இந்தப் பெரிய எஞ்சின் அமெரிக்க வண்டிகளுக்குத்தான்: ஃபோர்டு மஸ்டாங், செவ்ரலே கமாரோ, டாட்ஜ் சேலஞ்சர். அவர்களுக்காக, நான் போன வழியில் உள்ள பள்ளங்களை எழுதி வைக்கிறேன். காகித வேலை பற்றிய பகுதி டெக்ஸஸுக்கு மட்டும் பொருந்தும். மற்றதெல்லாம் எந்த மாநிலத்துக்கும் சரி.

1. வாரக்கடைசிக்கா, தினமும் வேலைக்கா?

இதை முடிவு செய்யாமல் விளம்பரங்களைத் திறக்காதீர்கள். 1960களின் வண்டி என்றால் கார்பரேட்டர், பல வண்டிகளில் டிரம் பிரேக், ஏசி இருந்தால் அதிர்ஷ்டம். டெக்ஸஸ் ஆகஸ்டில் அதில் வேலைக்குப் போய் வந்தால் சட்டையைப் பிழியலாம். தினசரி ஓட்டத்துக்கு 2005க்குப் பிந்தைய தலைமுறைகள்தான் சரிப்படும். நடுவில் இருக்கும் 1987 முதல் 2004 வரையிலான வண்டிகள் விலை குறைவு, தானே கழற்றி மாட்டக் கற்றுக்கொள்ள நல்லவை. ஆனால் கூடவே இன்னொரு வண்டி வீட்டில் இருக்க வேண்டும்.

2. குதிரைத்திறன் எண்ணை அப்படியே ஒப்பிடாதீர்கள்

1970 சேலஞ்சரின் 426 ஹெமி எஞ்சினுக்கு (டாட்ஜின் தாய்க் கம்பெனி கிறைஸ்லரின் வி8, 426 என்பது கன அங்குல அளவு) எழுதியிருக்கும் எண் 425 குதிரைத்திறன். 2008 சேலஞ்சர் எஸ்ஆர்டி8 வண்டியின் 6.1 லிட்டர் ஹெமிக்கும் அதே 425. இரண்டும் ஒன்று என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். 1971 வரை எஞ்சினைத் தனியே மேடையில் வைத்து, ஏர் ஃபில்டர், சைலன்சர், ஆல்டர்னேட்டர் போன்ற சுமைகள் இல்லாமல் அளந்தார்கள். அதை 'கிராஸ்' அளவு என்பார்கள். 1972லிருந்து, வண்டியில் எப்படி இருக்குமோ அப்படியே எல்லாவற்றையும் மாட்டி அளக்கும் 'நெட்' அளவு வந்தது. அதனால் 1971 எண்ணையும் 1972 எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து "ஒரே வருடத்தில் பாதி பலம் போய்விட்டது" என்று சொல்பவர் பேச்சில் பாதிதான் உண்மை. அமுக்க விகிதத்தைக் குறைத்தது ஒரு காரணம், அளவுகோலையே மாற்றியது இன்னொரு காரணம்.

பெயர்களிலும் இதே குழப்பம் உண்டு. '5.0' என்று ஒட்டியிருக்கும் மஸ்டாங் இரண்டு வகை. 1993 மாடல் ஜிடியில் (மஸ்டாங்கின் வி8 வகை) இருப்பது தள்ளுகம்பி வால்வு கொண்ட பழைய 302. 2011லிருந்து இருப்பது நான்கு கேம்ஷாஃப்ட் கொண்ட கயோட்டி. இரண்டுக்கும் இடையில் பெயரைத் தவிர ஒட்டுறவு கிடையாது. கமாரோவில் 'எல்டி1' என்றால் 1993–97இன் 5.7 லிட்டரும் உண்டு, 2016க்குப் பிந்தைய 6.2 லிட்டரும் உண்டு. முன்னது 275–285 குதிரைத்திறன், பின்னது 455. விளம்பரத்தில் எஞ்சின் பெயரை மட்டும் பார்த்து உதிரிபாகம் தேடினால் வேறு எஞ்சினின் பாகம் வீட்டுக்கு வந்து சேரும்.

இன்னொன்று, எடை. 2015க்குப் பிந்தைய மஸ்டாங் ஜிடியும் ஆறாம் தலைமுறை (2016க்குப் பிந்தைய) கமாரோவின் வி8 வகையான எஸ்எஸ்ஸும் ஏறக்குறைய 3,700 பவுண்டு. வி8 சேலஞ்சர் 4,000 பவுண்டைத் தாண்டும். ஆகவே 5.7 லிட்டர் சேலஞ்சர் காகிதத்தில் பரவாயில்லாமல் தெரிந்தாலும் சிக்னலில் மற்ற இரண்டும் முந்திக்கொண்டு போகும். ஆனால் பின்சீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர் கால் நீட்டி உட்காரக்கூடியது மூன்றில் அது ஒன்றுதான். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

3. தலைமுறை வாரியாக: குணம் என்ன, எது உடையும்?

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு பலவீனம் ஊரறிந்தது. அது தெரிந்தால் பேரம் பேசலாம், தெரியாவிட்டால் பட்டுத்தான் தெரியும்.

மஸ்டாங்: 1987–93 ஃபாக்ஸ் பாடி 5.0. 225 குதிரைத்திறன் (1993இல் ஜிடிக்கு 205 என்று எழுதினார்கள்). எடை குறைவு, எஞ்சின் அறையில் கை நுழைய இடம் இருக்கும், பாகங்கள் மலிவு. எஞ்சின் கல் மாதிரி. பிரச்சினை உடலில்தான். பின் ஆக்ஸிலின் கைகள் தரையோடு சேரும் இடத்தை 'டார்க் பாக்ஸ்' என்பார்கள். முந்தைய உரிமையாளர் பந்தயம் விட்டிருந்தால் அங்கே தகடு கிழிந்திருக்கும். கீழே படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். மாற்றம் எதுவும் செய்யாத ஃபாக்ஸ் பாடி இப்போது அரிது, அதனாலேயே விலையும் ஏறிவிட்டது.

1996–2004 மஸ்டாங் ஜிடி, 4.6 லிட்டர், சிலிண்டருக்கு இரண்டு வால்வு கொண்ட எஞ்சின். 1999லிருந்து 260 குதிரைத்திறன், அதற்கு முன் 215–225. நெடுந்தூரம் உழைக்கும் எஞ்சின், ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கும். 2001 வரை வந்தவற்றில் இன்டேக் மேனிஃபோல்டில் (எஞ்சினுக்குக் காற்று கொண்டுபோகும் குழாய்த்தொகுதி) கூலன்ட் ஓடும் பகுதியும் பிளாஸ்டிக். அது விரிசல் விட்டால் கூலன்ட் எஞ்சின் நடுவில் குளமாக நிற்கும். முன்பக்கம் அலுமினியம் வைத்த திருத்தப்பட்ட மேனிஃபோல்ட் மாற்றியிருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டாவது, ஸ்பார்க் பிளக் பிடிக்கும் மரை மிகக் குறைவு. சரியான அழுத்தத்தில் முறுக்காத பிளக், ஓடும்போது பீரங்கிக் குண்டு மாதிரி வெளியே பாய்ந்த கதைகள் நிறைய.

2005–10, அதே 4.6 லிட்டர், மூன்று வால்வு. 300 குதிரைத்திறன், 2010இல் 315. பார்க்க அழகு, பின்பக்கம் இன்னும் ஒரே திட ஆக்ஸில், நேர்ச்சாலையில் சுகம். இங்கே ஸ்பார்க் பிளக் கதை தலைகீழ்: வெளியே வரவே வராது. ஆரம்ப வருடங்களில் போட்ட பிளக் இரண்டு துண்டாகச் செய்தது. கரி படிந்து, கழற்றும்போது கீழ்த்துண்டு உள்ளேயே முறிந்து நிற்கும். அதை எடுக்கவே தனிக் கருவி விற்கிறார்கள். விற்பவரிடம் "பிளக் மாற்றியாயிற்றா, ரசீது இருக்கிறதா" என்பது முதல் கேள்வி. இல்லை என்றால் விலையில் சில நூறு டாலர் குறைக்கச் சொல்ல உங்களுக்கு நியாயம் இருக்கிறது. அப்புறம் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் கேம் ஃபேஸர். நன்றாகச் சூடேறிய பின் நின்ற இடத்தில் டீசல் வண்டி மாதிரி கடகடத்தால் அது.

2011–14 கயோட்டி 5.0. 412, பிறகு 420 குதிரைத்திறன். என் கருத்தில் கொடுக்கும் காசுக்கு மிகப் பொருத்தமான தலைமுறை இது. எஞ்சின் உயரச் சுற்றும், நன்றாக உழைக்கும். மேனுவல் கியர்பாக்ஸ் எம்டி82தான் சண்டித்தனம் செய்யும். குளிரில் இரண்டாம் கியர் விழ மறுக்கும், வேகமாக மாற்றும்போது உறுமும். ஓட்டிப் பார்க்கும்போது ஒன்று–இரண்டு–மூன்று மாற்றத்தைப் பத்து முறையாவது செய்யுங்கள்.

2015–23 தலைமுறையில் முதல் முறையாக எல்லா மஸ்டாங்குக்கும் பின்சக்கரங்கள் தனித்தனி சஸ்பென்ஷனில் வந்தன. வளைவில் பயமில்லை. 435 குதிரைத்திறன், 2018லிருந்து 460, பத்து கியர் ஆட்டோமேட்டிக். 2018க்குப் பிந்தைய எஞ்சினில் டைப்ரைட்டர் அடிப்பது மாதிரி ஒரு சத்தம் பல வண்டிகளில் உண்டு. சத்தம் கேட்கிறது என்பதற்காக மட்டும் ஓடிவிடாதீர்கள், ஒரு மெக்கானிக்கைக் கேட்க வையுங்கள். ஒரு சின்னச் செலவு: 2017 வரை ஆயில் 8 குவார்ட், 2018லிருந்து 10 குவார்ட். சாதாரண வண்டிக்கு ஆகும் ஆயில் செலவு இரட்டிப்பாகும்.

கமாரோ: 1993–97இன் பழைய எல்டி1 எஞ்சினில் ஆப்டிஸ்பார்க் என்ற டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்தனுப்பும் பாகம்) வாட்டர் பம்புக்கு நேர் கீழே வைத்திருக்கிறார்கள். பம்ப் கசிந்தால் அது நனைந்து சாகும். இதை வரைந்தவர் அந்த வண்டியை ஒருநாளும் சொந்தச் செலவில் பழுது பார்த்திருக்க மாட்டார். 1998–2002இல் வந்த எல்எஸ்1 இதற்கு நேரெதிர்: அலுமினிய பிளாக், 305லிருந்து 325 குதிரைத்திறன், எளிமையான அமைப்பு, நீண்ட ஆயுள். குளிரில் பிஸ்டன் லேசாகத் தட்டும் சத்தம் வந்து, சூடானதும் மறைந்தால் பெரும்பாலும் பயமில்லை. எஞ்சினைச் சுற்றியுள்ளவைதான் ஏழை: பின் ஆக்ஸில் மெலிது, கண்ணாடி ஏற்றி இறக்கும் மோட்டார் அடிக்கடி போகும், எஞ்சினின் பின்பாதி முன்கண்ணாடிக்கு அடியில் ஒளிந்திருப்பதால் கடைசி பிளக்குகளை மாற்றக் கை தோலை இழக்க வேண்டும். பக்கத்துச் சீட்டில் உட்காருபவரின் காலடியில் ஒரு மேடு வேறு. கீழே புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் போவதால் அப்படி. என் மனைவி அதில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு "இது வேண்டாம்" என்றாள். கமாரோ படலம் அத்தோடு முடிந்தது.

2010–15 கமாரோ எஸ்எஸ் வாங்குபவர் ஒரே ஒரு விஷயத்தை மனப்பாடம் செய்தால் போதும். மேனுவல் என்றால் எல்எஸ்3, 426 குதிரைத்திறன். ஆட்டோமேட்டிக் என்றால் எல்99, 400 குதிரைத்திறன், நிதானமாக ஓடும்போது பாதி சிலிண்டரை நிறுத்திப் பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு அதில் உண்டு. அந்த ஏற்பாட்டின் லிஃப்டர்கள்தான் பின்னாளில் தகராறு செய்பவை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வண்டி. 2016க்குப் பிந்தைய ஆறாம் தலைமுறை, மூன்று கம்பெனியையும் சேர்த்து வளைவில் ஓட்ட எனக்கு மிகப் பிடித்தது. ஆனால் ஜன்னல்கள் பதுங்குகுழி மாதிரி, டிக்கியில் கேபின் பெட்டி ஒன்று நுழைந்தால் பெரிது. தொடக்க வருடங்களின் எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கில், 40–60 மைல் வேகத்தில் லேசாகக் கால் வைத்தால் நடுக்கம் தெரியும். கியர் ஆயிலைத் திருத்தப்பட்ட வகைக்கு மாற்றியதாக ரசீது இருக்க வேண்டும். 2019 எஸ்எஸ்ஸில் பத்து கியர் வந்துவிட்டது.

சேலஞ்சர்: 2008–23 ஒரே உடம்பு, எஞ்சின் மட்டும் பல. 5.7 லிட்டர் (372–376 குதிரைத்திறன்), 6.1 (425), 2011லிருந்து '392' என்கிற 6.4 (470, 2015லிருந்து 485), 2015லிருந்து 707 குதிரைத்திறன் ஹெல்கேட். 2014 வரை ஆட்டோமேட்டிக்கில் ஐந்து கியர், 2015லிருந்து எட்டு. எட்டு கியர் வண்டிக்குக் கூடுதல் விலை கொடுப்பது தகும், வண்டியின் குணமே மாறிவிடுகிறது. ஹெமியில் 'டிக்' சத்தம் பிரசித்தம், அதில் இரண்டு வகை. குளிரில் தட்டி, சூடானதும் அடங்கினால் அநேகமாக எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் போல்ட் முறிந்திருக்கும். செலவு நூறுகளில் முடியலாம். சூடான பின்பும் விடாமல் தட்டினால், அல்லது கூடினால், லிஃப்டரும் கேமும். செலவு ஆயிரங்களில். விற்பவர் இரண்டுக்கும் ஒரே பதில் வைத்திருப்பார்: "எல்லா ஹெமியும் இப்படித்தான்." ஒரு எஞ்சினுக்குப் பதினாறு ஸ்பார்க் பிளக் என்பதையும் கணக்கில் சேருங்கள். ஹெல்கேட் வாங்கினால் சிவப்பு, கறுப்பு இரண்டு சாவிகளும் கைக்கு வர வேண்டும். முழு பலமும் சிவப்பில்தான், கறுப்பு 500 குதிரைத்திறனோடு நிறுத்திவிடும்.

4. வின் எண்ணைப் படியுங்கள்

1981லிருந்து எல்லா வண்டிக்கும் 17 இலக்க வின் எண், அதாவது வண்டியின் அடையாள எண். எட்டாவது எழுத்து எஞ்சினைச் சொல்லும், பத்தாவது மாடல் ஆண்டைச் சொல்லும். 2010–15 கமாரோவில் எட்டாவது இடத்தில் 'டபிள்யூ' இருந்தால் எல்எஸ்3, 'ஜே' இருந்தால் எல்99. விற்பவர் என்ன சொன்னாலும் இதுதான் கடைசி வார்த்தை. நான்காம் தலைமுறையில் (1993–2002 கமாரோ) 'பி' என்றால் எல்டி1, 'ஜி' என்றால் எல்எஸ்1. டாஷ்போர்டிலும் கதவு ஓரத்திலும் டைட்டில் என்கிற உரிமைக் காகிதத்திலும் ஒரே எண் இருக்கிறதா என்று ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள்.

1960களின் வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். 1967–69 கமாரோவின் வின் எண், வண்டி வி8ஆ ஆறு சிலிண்டரா என்பதை மட்டுமே சொல்லும். எஸ்எஸ் வண்டியா என்று சொல்லாது. சாதாரண வி8 கமாரோவுக்கு எஸ்எஸ் முத்திரை குத்தி விற்பது அதனால் சுலபம். அக்காலத்துக் கிறைஸ்லர் வண்டிகளில் (சேலஞ்சரும் அதில் சேரும்) ஐந்தாவது எழுத்து எஞ்சின், 1970 வண்டியில் 'ஆர்' இருந்தால் 426 ஹெமி. 1967க்குப் பிந்தைய ஃபோர்டு என்றால் மார்ட்டி ரிப்போர்ட் வாங்குங்கள். தொழிற்சாலையில் என்னென்ன மாட்டி அனுப்பினார்கள் என்பதைக் கம்பெனிப் பதிவிலிருந்தே எடுத்துத் தருவார்கள்.

5. பார்க்கப் போகும் முன் கேட்க வேண்டிய காகிதங்கள்

டைட்டிலின் இரண்டு பக்கமும் புகைப்படம் அனுப்பச் சொல்லுங்கள். அதில் விற்பவரின் பெயர்தான் இருக்க வேண்டும். "நண்பனுடையது, மாமாவுடையது" என்றால் வேண்டாம். லியன் என்று ஒரு வங்கியின் பெயர் இருந்தால் கடன் இன்னும் அடையவில்லை. அடைத்த கடிதம் இருக்க வேண்டும், இல்லையென்றால் பரிமாற்றத்தை அந்த வங்கியின் கிளையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 'சால்வேஜ்', 'ரீபில்ட்' (பெரிய சேதமடைந்தது, சேதத்துக்குப் பின் சரிசெய்தது) என்ற சொல் இருந்தால் காப்பீடும் மறுவிற்பனையும் சிக்கல். முதல் வண்டியாக அது வேண்டவே வேண்டாம்.

வண்டியின் விபத்து, உரிமை வரலாறு சொல்லும் அறிக்கை 40–45 டாலர். மத்திய அரசின் டைட்டில் தகவல் அமைப்பை வைத்துத் தரும் எளிய அறிக்கை பத்து டாலருக்குள் கிடைக்கும். அதையாவது எடுங்கள். 2017 ஹார்வி புயலில் ஹூஸ்டன் பக்கம் மூழ்கிய வண்டிகள் எங்கெங்கோ போய்ச் சேர்ந்தன. நேரில் பார்க்கும்போது சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சேற்றுக் கோடு இருந்தால் வண்டி தண்ணீரில் நின்றிருக்கிறது.

ரீகால் (குறையைச் சரிசெய்யக் கம்பெனி வண்டியைத் திரும்ப அழைப்பது) இருக்கிறதா என்று இலவசமாகப் பார்க்கலாம், தேசிய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் வின் எண்ணை இட்டால் போதும். 2005–14 மஸ்டாங்குகள் டகாடா கம்பெனியின் ஏர்பேக் ரீகாலில் உள்ளவை. மாற்றாமல் இருந்தால் டீலர் இலவசமாக மாற்றித் தருவார். மாற்றும் வரை ஓட்டாதீர்கள், அது விளையாட்டில்லை.

6. காப்பீட்டுத் தொகையைக் காசு கொடுக்கும் முன் கேளுங்கள்

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வண்டி பிடித்ததும் வின் எண்ணை வைத்து மூன்று இடத்திலாவது விலை கேளுங்கள். அமெரிக்க ஓட்டுநர் வரலாறு குறைவு என்றாலோ 25 வயதுக்குக் கீழ் என்றாலோ, மாதத் தொகை வண்டிக் கடன் தவணையைத் தொட்டுவிடலாம். ஒரே தெருவில், ஒரே ஓட்டுநருக்கு, 5.0 மஸ்டாங்குக்கும் ஹெல்கேட்டுக்கும் நான் வாங்கிய விலைகளில் பின்னது இரண்டு மடங்குக்கு மேல். திருடர்களுக்கு ஹெல்கேட் மேல் தனிப் பாசம், காப்பீட்டுக்காரர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

பழங்கால வண்டிக்கு 'ஒப்புக்கொண்ட மதிப்பு' பாலிசி (வண்டி போனால் முன்பே பேசிய தொகை கிடைக்கும்) தனியாக உண்டு. மலிவு, ஆனால் மூடிய கராஜ் கேட்பார்கள், வருட மைலுக்கு வரம்பு வைப்பார்கள்.

7. குளிர்ந்த எஞ்சின்

முந்தின நாளே செய்தி அனுப்புங்கள்: "நான் வரும் வரை வண்டியைக் கிளப்ப வேண்டாம்." போய் இறங்கியதும், கை குலுக்கிய கையோடு பானெட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் சிரித்துக்கொண்டே "நாளை காலை வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஒன்றும் குறைந்துவிடாது. முப்பது மைல் ஓட்டி வந்தேனே என்று மனசு அடித்துக்கொள்ளும், அதன் பேச்சைக் கேட்காதீர்கள். முதல் வண்டியில் நான் கேட்டேன்.

குளிராக இருந்தால், கிளப்பும் முன் ஆயில் கம்பியை எடுத்துப் பாருங்கள். பால் காபி நிறம் என்றால் கூலன்ட் கலந்திருக்கிறது. பிறகு கதவைத் திறந்து வைத்து, விற்பவரைக் கிளப்பச் சொல்லி நீங்கள் வண்டியின் முன்னே நில்லுங்கள். போனில் பதிவு செய்யுங்கள். முதல் 30 வினாடிதான் உண்மை பேசும். அப்போது வரும் தட்டல், சூடான பின் அதே இடத்தில் நின்று எடுக்கும் இரண்டாவது பதிவில் இருக்கிறதா, மறைந்ததா, கூடியதா? மேலே மூன்றாம் பகுதியில் சொன்ன நோய்களில் பாதியை இந்த இரண்டு பதிவுகளே பிரித்துச் சொல்லிவிடும். முதல் கிளப்பலில் பின்னால் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை குளிர்காலத்தில் சகஜம், சூடான பின்னும் இனிப்பு வாசத்தோடு வந்தால் சகஜமில்லை.

25–30 டாலருக்கு, எஞ்சின் கம்ப்யூட்டரின் பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் (1996க்குப் பிந்தைய வண்டிகளுக்கு). பிழைக் குறியீடு ஒன்றும் இல்லை என்று காட்டினால் மகிழ்ந்துவிடாதீர்கள். 'தயார் இல்லை' என்று பல சோதனைகள் வரிசையாகக் காட்டினால், யாரோ சமீபத்தில் குறியீடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் அதுவே பதில்.

டயர் தேய்மானமும் பேசும். ஓடோமீட்டர் குறைவாகக் காட்டும்போது பின் டயர் மட்டும் புத்தம் புதிதாக, முன் டயர் பழையதாக இருந்தால், பின் டயர் எங்கே போனது? புகையாகப் போயிருக்கும்.

8. மெக்கானிக்கிடம் 200 டாலர்

விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக், அந்தக் கம்பெனி வி8 தெரிந்தவராக இருந்தால் நல்லது. என் பகுதியில் 150 முதல் 300 டாலர் வரை வாங்குகிறார்கள். பொதுவாகப் பார்க்கச் சொல்லாமல், இந்த எஞ்சினில் இந்த இடத்தைப் பாருங்கள் என்று எழுதிக் கொடுங்கள். அனுமதிக்காத விற்பவரிடம் வாங்காதீர்கள்.

மாற்றங்கள் செய்த வண்டியில் தனிப் பொறி ஒன்று. கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கழற்றியிருந்தால் சத்தம் பிரமாதமாக இருக்கும், புகைச் சோதனையில் தோற்கும். டெக்ஸஸில் சாதாரண வண்டிகளுக்கான பாதுகாப்புச் சோதனை 2025 ஜனவரியோடு போய்விட்டது. ஆனால் டாலஸ், காலின், டென்டன், டாரன்ட் உள்ளிட்ட மாவட்டங்களில் 24 வயது வரையிலான பெட்ரோல் வண்டிக்குப் புகைச் சோதனை இன்னும் உண்டு. கழற்றிய பாகத்தைத் திரும்ப மாட்டும் செலவு ஆயிரம் டாலரைத் தாண்டலாம்.

9. பணம் கொடுக்கும் நாள்

வார நாளில் வையுங்கள். விற்பவரோடு சேர்ந்தே மாவட்ட வரி அலுவலகத்துக்குப் போய்விடுவதுதான் பத்திரம். பின்னால் கையெழுத்து சரியில்லை என்று அலைய வேண்டாம். கையில் இருக்க வேண்டியவை: விற்பவர் கையெழுத்திட்ட டைட்டில் (ஓடோமீட்டர் எண் நிரப்பியது), இருவரும் கையெழுத்திட்ட 130-யு படிவம் (டைட்டில் மாற்ற விண்ணப்பம்), உங்கள் அடையாள அட்டை, உங்கள் பெயரில் காப்பீட்டுச் சான்று. டைட்டிலில் அடித்தல் திருத்தல் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் பேனாவை எடுக்கும் முன் எந்தப் பெட்டியில் என்ன என்று இருவரும் பேசிக்கொள்ளுங்கள்.

வரி 6.25 சதவீதம். 18,000 டாலர் வண்டிக்கு 1,125. இங்கே ஒரு பொறி: விலையைக் குறைத்து எழுதி வரியை மிச்சம் பிடிக்கலாம் என்று விற்பவரே ஆலோசனை சொல்வார். மாநிலம் அந்த வண்டிக்குத் தானே ஒரு மதிப்பு வைத்திருக்கிறது. நீங்கள் கொடுத்த விலை, அந்த மதிப்பில் 80 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் வரி. பொய் எழுதி மாட்டிக்கொள்வதுதான் மிச்சம், அதுவும் விசாவில் இருப்பவருக்குத் தேவையில்லாத வேலை. டைட்டில் கட்டணம் மாவட்டத்தைப் பொறுத்து 28 அல்லது 33 டாலர். பதிவுக் கட்டணம் 50.75 டாலரும் உள்ளூர்க் கட்டணங்களும். வாங்கிய 30 நாளுக்குள் மாற்றாவிட்டால் அபராதம்.

விற்பவர் விற்பனைத் தகவலை மாநிலத்துக்குத் தெரிவித்தாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டைட்டில் அஞ்சலில் வந்து சேரும் வரை எல்லா ரசீதுகளையும் ஒரே உறையில் வையுங்கள், வண்டிக்குள் அல்ல.

10. முதல் மாதச் செலவுக்கு ஒதுக்கீடு

விலையில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்துவிட்டு மீதியில் வண்டி தேடுங்கள். முந்தையவர் என்ன சொல்லியிருந்தாலும் எஞ்சின் ஆயில், கூலன்ட், பின் ஆக்ஸில் ஆயில், பிரேக் திரவம் எல்லாம் மாற்றிவிடுங்கள். 19 அங்குல டயர் நான்கு என்றால் 800 முதல் 1,200 டாலர். டயர் பழசென்றால் மழையில் ஓட்டாதீர்கள். 400 குதிரைத்திறனும் பின்சக்கர இழுவையும் வழுக்கும் டயரும் சேர்ந்தால் நெடுஞ்சாலையில் ஏறும் வளைவிலேயே வண்டி திரும்பி நின்றுவிடும். முதல் வாரம் காலியான வாகன நிறுத்துமிடத்தில், ஈரத்தரையில், மெதுவாகப் பழகுங்கள்.

என் இரண்டாவது வண்டி 2013 மஸ்டாங் ஜிடி. பார்க்கப் போன காலையில் விற்பவர் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார், மணி அடித்து எழுப்பினேன். பானெட்டில் பனித்துளி படிந்திருந்தது.